வாசலில் நின்ற மொழி: அமெரிக்க ஹிஸ்பானியச் சமூகங்களும் உரிமைப் பணியும்



அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில், மெக்சிகோ எல்லையிலிருந்து சற்றுத் தொலைவில், மார்ஃபா என்றொரு சிற்றூர் உள்ளது. அங்கே மெக்சிகோ வழிவந்த பிள்ளைகளுக்கென்று தனியே நடத்தப்பட்ட பிளாக்வெல் பள்ளியில் 1954ஆம் ஆண்டு ஓர் இறுதிச் சடங்கு நடைபெற்றது. இறந்தவர் எவரும் இலர். இனிப் பள்ளியில் ஸ்பானியம் பேசமாட்டோம் என்று மாணவர்கள் துண்டுத் தாள்களில் எழுதினர். அத்தாள்களை ஒரு பெட்டியில் இட்டுக் கொடிமரத்தின் அருகே குழிதோண்டிப் புதைத்தனர். புதைக்கப்பட்டவருக்குத் ‘திருவாளர் ஸ்பானியம்’ என்று பெயர். சடங்கை முன்னின்று நடத்தியவர்கள் ஆசிரியர்கள். அந்தப் பிள்ளைகள் முதியவர்களான பின்னர், 2007ஆம் ஆண்டு அதே இடத்திற்குத் திரும்பி வந்து, ஸ்பானிய அகராதி ஒன்றைக் குழியிலிருந்து எடுப்பதுபோல் மற்றொரு சடங்கை நடத்தினர். 2022ஆம் ஆண்டு நிறைவேறிய சட்டத்தால் அப்பள்ளி இன்று தேசிய வரலாற்றுத் தலமாகப் பேணப்படுகிறது.

ஆசிரியர்கள் நிறைந்த அவையில் இதை முதலில் சொல்வதற்குக் காரணம் உண்டு. அவ்வாசிரியர்களுள் பலர் தாம் அப்பிள்ளைகளுக்கு நன்மை செய்வதாகவே நம்பியிருக்க வேண்டும். ஆங்கிலம் வந்தால் வேலை கிடைக்கும், வேலை கிடைத்தால் வாழ்வு உயரும், அதற்குத் தடையாக நிற்பது வீட்டு மொழி என்பதே அக்காலத்தில் கல்வியுலகின் பொதுக் கருத்து. ஒரு சமூகத்திற்கு உதவப் புறப்படுவோர் அச்சமூகத்தின் மொழியை என்ன செய்வது என்ற வினா அங்கிருந்தே எழுகிறது. கடந்த ஏறத்தாழ நூறாண்டுகளில் அமெரிக்க ஹிஸ்பானியர் அமைப்புகள் இவ்வினாவுக்குத் தந்த விடைகள் ஒன்றாக இருந்ததில்லை. அவ்விடைகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்ப்பதே இன்றைய உரையின் நோக்கம்.

முதலில் பெயரைப் பற்றி ஒரு சொல். ‘ஹிஸ்பானியர்’ என்பது அவர்கள் தமக்குத் தாமே இட்டுக்கொண்ட பெயர் அன்று. மெக்சிகோவிலிருந்து வந்தவர்களும், 1848இல் எல்லைக்கோடு நகர்ந்ததால் இருந்த இடத்திலேயே அமெரிக்கரானவர்களின் வழிவந்தோரும், 1917 முதல் அமெரிக்கக் குடிமக்களான புவெர்ட்டோ ரிக்கோ மக்களும், கியூபா, டொமினிக்கன் குடியரசு, எல் சல்வடோர் ஆகிய நாடுகளிலிருந்து வந்தவர்களும் தங்களை வெவ்வேறு மக்களாகவே கருதி வந்தனர். அவர்களை ஒரே தலைப்பின்கீழ் எண்ண வேண்டும் என்ற சட்டம் 1976இல் இயற்றப்பட்டது. 1980ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அக்கேள்வி எல்லா வீடுகளிலும் கேட்கப்பட்டது. எண்ணப்படாதவர்களுக்காக எவரும் நிதி ஒதுக்குவதில்லை என்பதை அமைப்புகள் நன்கு உணர்ந்திருந்தன. ஆகவே பெயர் பொருந்துகிறதா என்ற விவாதம் ஒருபுறம் நடந்துகொண்டிருக்க, எண்ணிக்கை வேண்டும் என்ற கோரிக்கையும் மறுபுறம் வலுவாக எழுந்தது. 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அவர்கள் 62.1 மில்லியன் பேர். நாட்டு மக்களில் 18.7 விழுக்காட்டினர். ‘லத்தீனோ’ என்ற பெயரை விரும்புவோரும் பலர். இவ்வுரையில் நாம் கணக்கெடுப்பின் பெயரையே ஆளுகிறோம்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இத்தகைய பணிகளைக் குறிக்க ஆங்கிலத்தில் இரு சொற்கள் வழங்குகின்றன. ஒன்று, அலுவலகத்தில் காத்திராமல் மக்களைத் தேடிச் செல்லுதல். நம் வழக்கில் சமூகத் தொடர்புப் பணி என்கிறோம். மற்றொன்று, அவர்களுக்காக மன்றங்களில் வழக்குரைத்தல். இரண்டாவதற்குத் தமிழில் ‘பரிந்து பேசுதல்’ என்ற தொடர் உண்டு. பரிவும் பேச்சும் சேர்ந்த சொல் அது. ஆங்கிலச் சொல்லில் வழக்காடு மன்றத்தின் சாயல் மட்டுமே மிகுதியாக இருக்கிறது. நம் சொல்லில் நெஞ்சத்தின் சாயலும் உள்ளது. எனினும் பரிவு மட்டும் இருந்து, யாருக்காகப் பேசுகிறோமோ அவரிடம் கேளாமல் பேசிவிட்டால் என்ன நேரும் என்பதையும் இவ்வரலாறு காட்டும்.

கலிபோர்னியாவின் ஆரஞ்ச் மாவட்டத்தில் வெஸ்ட்மின்ஸ்டர் என்னும் ஊரில் நடந்ததை நாம் சற்று விரிவாகப் பார்க்கலாம். கொன்சாலோ மெண்டஸ் மெக்சிகோவில் பிறந்தவர். அவர் துணைவியார் பெலிசிட்டாஸ் புவெர்ட்டோ ரிக்கோவில் பிறந்தவர். இரண்டாம் உலகப் போரின்போது ஜப்பானிய வழியினரான அமெரிக்கர்கள் தடுப்பு முகாம்களுக்கு அனுப்பப்பட்டனர். அவ்வாறு அனுப்பப்பட்ட முனெமிட்சு குடும்பத்தின் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து மெண்டஸ் குடும்பத்தார் பயிரிட்டு வந்தனர். ஓர் இனத்திற்கு இழைக்கப்பட்ட அநீதியின் நிலத்தில் நின்றுகொண்டே மற்றோர் இனத்தின் உரிமைப் போராட்டம் தொடங்கிற்று என்பது வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று. அந்நிலத்தின் வருவாய்தான் பின்னர் வழக்குச் செலவுக்கும் உதவியது.

பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்க அவர்களின் அத்தை அழைத்துச் சென்றார். தம் சொந்தப் பிள்ளைகளையும் உடன் கொண்டுசென்றார். அத்தையின் பிள்ளைகள் வெளிர்நிறத்தவர். குடும்பப் பெயரும் பிரெஞ்சுப் பெயர்போல் ஒலித்தது. அவர்களைப் பள்ளி ஏற்றுக்கொண்டது. சில்வியா மெண்டஸும் அவர் உடன்பிறந்தோரும் மெக்சிகோப் பள்ளிக்குச் செல்ல வேண்டும் என்றனர். அத்தை எவரையும் சேர்க்காமல் திரும்பிவிட்டார்.

1945ஆம் ஆண்டு மார்ச் மாதம் ஐந்து குடும்பங்கள் நான்கு பள்ளி வட்டாரங்கள்மீது வழக்குத் தொடுத்தன. வழக்கறிஞர் டேவிட் மார்கஸ். கொன்சாலோ பண்ணை வேலையை விட்டுவிட்டு வீடு வீடாகச் சென்று பெற்றோரிடம் பேசினார். அக்காலத்தில் பண்ணையை நடத்தியவர் பெலிசிட்டாஸ். கூலி வேலை செய்யும் பெற்றோர் நீதிமன்றத்திற்கு வந்தால் அன்றைய கூலி போகும். முதலாளியின் சினமும் வரும். அவர்களை இணங்க வைப்பது எளிதாக இருந்திராது. வழக்கு நூல்களில் இந்தப் பகுதி இரண்டு வரியில் முடிந்துவிடுகிறது. நமக்கோ இதுவே அவ்வழக்கின் அடித்தளமாகத் தோன்றுகிறது. மன்றத்தில் ஒருவர் வாதாட, வாசல்தோறும் ஒருவர் நடந்திருக்க வேண்டியுள்ளது.

பள்ளி வட்டாரங்கள் முன்வைத்த வாதம் மொழியைப் பற்றியது. இப்பிள்ளைகளுக்கு ஆங்கிலம் தெரியாது. ஆகவே அவர்களைத் தனியே வைத்துக் கற்பிக்கிறோம் என்றனர். கேட்பதற்கு நியாயம்போலவே ஒலிக்கும் வாதம். ஆனால் மொழித் தேர்வு என்று முறையாக எதுவும் நடத்தப்படவில்லை. பெயரையும் நிறத்தையும் பார்த்தே பிள்ளைகள் பிரிக்கப்பட்டனர். பதினான்கு வயது மாணவி ஒருவர் சாட்சிக் கூண்டில் ஏறித் தெளிவான ஆங்கிலத்தில் விடையளித்தபோது அந்த வாதத்தின் வெறுமை வெளிப்பட்டது. 1946 பிப்ரவரியில் தீர்ப்பளித்த நீதிபதி பால் மெக்கார்மிக் ஒரு படி மேலே சென்றார்: பிள்ளைகளைத் தனியே பிரித்து வைப்பதுதான் அவர்கள் ஆங்கிலம் கற்பதைத் தாமதப்படுத்துகிறது என்றார். நோய்க்கு மருந்து என்று சொல்லப்பட்டதே நோயை வளர்த்தது என அவர் கண்டார். 1947இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பை உறுதி செய்தது. அதே ஆண்டில் கலிபோர்னியா தன் பள்ளிச் சட்டத்தில் எஞ்சியிருந்த பிரிவினை விதிகளை நீக்கிற்று. அதில் கையெழுத்திட்ட ஆளுநர் ஏர்ல் வாரன், பின்னர் உச்ச நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியாகி 1954இல் பிரவுன் வழக்கில் நாடு முழுமைக்குமான தீர்ப்பை வழங்கியவர். சில்வியா மெண்டஸ் 2011இல் அதிபரின் விடுதலைப் பதக்கத்தைப் பெற்றார்.

இவ்வெற்றியில் ஒரு நுட்பம் மறைந்துள்ளது. பிள்ளைகள் வென்றது தமக்கு ஆங்கிலம் தெரியும் என்று காட்டி. தெரியாத பிள்ளையின் உரிமை என்ன என்ற வினா அங்கே முழுமையாக விடை பெறவில்லை.

அவ்வினாவைக் கையில் எடுத்தவர்களைப் பார்ப்போம். 1929ஆம் ஆண்டு டெக்சஸின் கார்ப்பஸ் கிறிஸ்டி நகரில் ‘லூலாக்’ எனச் சுருக்கமாக அழைக்கப்படும் இலத்தீன் அமெரிக்கக் குடிமக்கள் சங்கம் தோன்றியது. தொடக்க காலத்தில் அச்சங்கத்தின் அலுவல் மொழி ஆங்கிலம். உறுப்பினர் ஆவதற்கு அமெரிக்கக் குடியுரிமை வேண்டும். இன்று இது சிலருக்குத் தலைகுனிவாகத் தோன்றலாம். ஆனால் ஸ்பானியம் பேசியதற்காகப் பிள்ளைகள் தண்டிக்கப்பட்ட மாநிலம் அது. ஆங்கிலமல்லாத மொழியில் பாடம் நடத்துவது ஆசிரியருக்குக் குற்றமாகும் என 1918இலேயே சட்டம் இயற்றிய மாநிலம் அது. அச்சட்டம் 1969 வரை ஏட்டில் இருந்தது. அத்தகைய மண்ணில் நாங்கள் முழுமையான குடிமக்கள் என்று நிறுவ விரும்பியவர்கள் அம்மண்ணின் அதிகார மொழியைக் கேடயமாக ஏந்தினர். அவர்களைக் குறைசொல்ல நமக்கு மனம் வரவில்லை.

1956 முதல் அச்சங்கத்தின் தேசியத் தலைவராக இருந்தவர் ஃபீலிக்ஸ் திஹெரினா. ஹூஸ்டன் நகரில் உணவகங்கள் நடத்தியவர். முதலாம் வகுப்பில் சேரும் ஸ்பானியப் பிள்ளைகள் ஆசிரியர் சொல்வது விளங்காமல் அதே வகுப்பில் மீண்டும் மீண்டும் அமர்வதும், இறுதியில் பள்ளியை விட்டே விலகுவதும் அவரை வருத்தின. பள்ளிக்கு வருமுன் ஒரு பிள்ளைக்கு நானூறு ஆங்கிலச் சொற்கள் தெரிந்தால் போதும், வகுப்பில் திகைத்து நிற்காது என்று அவர் கருதினார். சொற்பட்டியல் உருவாயிற்று. ‘நானூற்றின் சிறு பள்ளி’ என்று திட்டத்திற்குப் பெயர். 1957ஆம் ஆண்டுக் கோடையில் கனாடோ என்னும் சிற்றூரில் முதல் வகுப்பு தொடங்கியபோது, அதை நடத்தியவர் பட்டம் பெற்ற ஆசிரியர் அல்லர். பதினேழு வயதுப் பெண் ஒருவர். தாமும் ஆங்கிலம் அறியாமல் பள்ளியில் சேர்ந்து துன்புற்றவர். அவருக்கான சிறு ஊதியத்தைத் திஹெரினா தம் கைப்பணத்திலிருந்து கொடுத்தார். முதலில் பெற்றோர் தயங்கினர். அப்பெண் வீடுகளுக்குச் சென்று தாய்மாரிடம் ஸ்பானியத்தில் பேசி அழைத்து வந்தார்.

திட்டம் பலனளித்தது. டெக்சஸ் சட்டமன்றம் 1959இல் அதை மாநிலத் திட்டமாக ஏற்றது. பல்லாயிரம் பிள்ளைகள் கோடைகால வகுப்புகளில் பயின்றனர். 1965இல் கூட்டரசு தொடங்கிய பாலர் கல்வித் திட்டத்திற்கு இது ஒரு முன்னோடி என்று சொல்வோர் உண்டு. அவ்வளவும் பாராட்டத்தக்கது. ஆயினும் நானூறு சொற்களின் பட்டியல் ஒன்றைச் சொல்லாமல் சொன்னது: பிள்ளை வீட்டிலிருந்து கொண்டுவரும் ஆயிரக்கணக்கான சொற்களுக்குப் பள்ளியில் வேலை இல்லை. பெற்றோரை அழைக்கும்போது ஸ்பானியம் பாலமாக இருந்தது. பிள்ளை வாசலுக்குள் நுழைந்ததும் அது வெளியே நிறுத்தப்பட்டது. மொழியாசிரியர்களாகிய நாம் இவ்விடத்தில் நின்று சிந்திக்க வேண்டும். தாய்மொழியை ஏணியாக மட்டும் பயன்படுத்தும் திட்டம், ஏறியதும் ஏணியைத் தள்ளிவிடும்.

அடுத்த தலைமுறை வேறு குரலில் பேசியது. 1968 மார்ச் மாதத்தில் கிழக்கு லாஸ் ஏஞ்சலிஸ் உயர்நிலைப் பள்ளிகளின் மாணவர்கள் ஆயிரக்கணக்கில் வகுப்புகளை விட்டு வெளியேறினர். அவர்களோடு நின்ற ஆசிரியர் சால் காஸ்ட்ரோ கைது செய்யப்பட்டார். இருமொழிக் கல்வியும், தம் வரலாற்றைப் பாடமாகக் கற்கும் உரிமையும் அவர்களது கோரிக்கைகளுள் இருந்தன. அதே ஆண்டில் டெக்சஸின் மேலவை உறுப்பினர் ரால்ஃப் யார்பரோவின் முயற்சியால் இருமொழிக் கல்விச் சட்டம் நிறைவேறியது. வழக்காடுவதற்கென்றே ‘மால்டெஃப்’ என்னும் சட்ட அமைப்பும் அவ்வாண்டில் சான் அன்டோனியோவில் பிறந்தது. குடியேற்ற ஆவணம் இல்லாத பிள்ளைகளுக்கும் பொதுப்பள்ளிகள் இலவசமாகக் கற்பிக்க வேண்டும் என்ற 1982ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பு அவ்வமைப்பு நடத்திய வழக்கின் பயன். ஐவர் ஒருபுறமும் நால்வர் மறுபுறமுமாக, ஒரே ஒரு வாக்கு வேறுபாட்டில் கிடைத்த தீர்ப்பு அது.

நியூயார்க்கில் அன்டோனியா பண்டோஹா செய்த பணி இதனின்றும் சற்று வேறானது. புவெர்ட்டோ ரிக்கோவில் ஆசிரியராக இருந்தவர்; 1944இல் நியூயார்க் வந்து தொழிற்சாலையில் வேலை பார்த்தவர்; பின்னர் சமூகப்பணி பயின்றவர். 1961இல் அவர் நிறுவிய அமைப்பின் பெயர் ‘அஸ்பிரா’. உயர்வை நாடு என்று ஏவும் ஸ்பானிய வினைச்சொல் அது. உயர்நிலைப் பள்ளிகளில் மாணவர் மன்றங்களை அமைத்து, தம் மக்களின் வரலாற்றையும் நகரத்தில் தம் நிலையையும் மாணவர்களே ஆராய்ந்து பேசும்படி செய்தார். உதவி பெறுவோராக அன்றிப் பின்னாளில் தலைமை ஏற்போராக இளைஞர்களைக் கருதினார். அவ்வமைப்பு நியூயார்க் கல்வி வாரியத்தின்மீது வழக்குத் தொடுத்து, 1974இல் உடன்பாட்டு ஆணை ஒன்றைப் பெற்றது. ஆங்கிலத்தைவிட ஸ்பானியத்தில் சிறப்பாகக் கற்கக்கூடிய பிள்ளைகளுக்கு, அவர்கள் ஆங்கிலம் கற்கும் காலத்தில் மற்றப் பாடங்களை ஸ்பானியத்தில் நடத்த வேண்டும் என்பது அதன் சாரம். மெண்டஸ் வழக்கில் வெளியே நின்ற பிள்ளை இங்கே உள்ளே வந்துவிட்டது. ஆங்கிலம் அறியாதிருப்பது பிள்ளையின் குற்றமாகக் கருதப்பட்ட நிலை மாறி, பிள்ளையின் மொழியை அறியாதிருப்பது பள்ளியின் குறைபாடு என்றாயிற்று.

இத்துடன் கதை இனிதே முடிந்தது என்று சொல்ல இயலாது. 1996இல் லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் தொடக்கப்பள்ளி ஒன்றில் ஸ்பானியம் பேசும் பெற்றோரே பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்ப மறுத்தனர். பெரும்பாலும் தையல் தொழிற்சாலைகளில் உழைத்தவர்கள். அவர்களின் குறை, பிள்ளைகளுக்குப் போதிய ஆங்கிலம் கற்பிக்கப்படவில்லை என்பது. இருமொழிக் கல்விக்கு எதிரானோர் அதனைப் பற்றிக்கொண்டனர். 1998இல் கலிபோர்னிய வாக்காளர்கள் 61 விழுக்காட்டு ஆதரவோடு அக்கல்வியைப் பெரிதும் கட்டுப்படுத்தினர். அக்கட்டுப்பாடு 2016இல் மற்றொரு வாக்கெடுப்பின் மூலம் நீக்கப்பட்டது. அப்பெற்றோரைத் தம் மொழியின்மீது பற்றில்லாதவர்கள் என்று ஏசியவர்கள் உண்டு. நாம் அதை ஏற்கவில்லை. பரிந்து பேசியவர்கள் சிறிது காலம் கேட்பதை நிறுத்தியிருந்தனர் என்பதே நமது கணிப்பு. நல்ல கொள்கையைக் கையில் வைத்திருப்போர் பெற்றோரின் கதவைத் தட்டத் தேவையில்லை என்று எண்ணத் தொடங்கினால், அக்கொள்கை பிறர் கைக்குப் போய்விடும்.

கேட்டுத் தொடங்கியவர்களின் பணி எவ்வாறு இருந்தது என்பதற்குச் சான் அன்டோனியோ சான்று. அந்நகரின் மேற்குப் பகுதியில் மெக்சிகோ வழியினர் வாழ்ந்த தெருக்கள் மழைக்காலத்தில் வெள்ளக்காடாகும். பிள்ளைகள் சேற்றில் நடந்து பள்ளிக்குச் செல்வர். வடிகால் திட்டங்கள் பல்லாண்டுகளாக நகர மன்றத்தின் ஏடுகளில் உறங்கின. 1974இல் எர்னஸ்டோ கோர்ட்டெஸ் அமைத்த ‘காப்ஸ்’ என்னும் மக்கள் அமைப்பின் தொண்டூழியர்கள் தேவாலய வட்டாரங்கள்தோறும் சென்று, உங்களை வருத்துவது எது என்று கேட்டனர். இனப் பாகுபாடு, அரசியல் உரிமை என்ற பெரிய சொற்களை எதிர்பார்த்துச் சென்றவர்களுக்கு மக்கள் சொன்ன விடை சாக்கடை. அமைப்பாளர்கள் அதையே தம் முதற்போராட்டமாக ஏற்றனர். நூற்றுக்கணக்கானோர் நகர மன்றத்திற்குத் திரண்டு சென்று வினவினர். வடிகாலுக்குப் பணம் ஒதுக்கப்பட்டது.

அதே நகரில், அதே ஆண்டில், வில்லி வெலாஸ்கெஸ் தென்மேற்கு வாக்காளர் பதிவுத் திட்டத்தைத் தொடங்கினார். அவர் பரப்பிய முழக்கத்தைத் தமிழில் ‘உம் வாக்கே உம் குரல்’ எனலாம். ஸ்பானியத்தில் வாக்கைக் குறிக்கும் சொல்லும் குரலைக் குறிக்கும் சொல்லும் ஒரே ஒலியில் தொடங்கி மோனைபோல் அமையும். தமிழில் அவ்வளவு முயற்சிகூடத் தேவையில்லை. வாக்கு என்பதே தேர்தலில் இடுவதையும் வாயால் சொல்வதையும் சேர்த்துக் குறிக்கிறது. இம்மொழியில் பிறந்திருந்தால் வெலாஸ்கெஸ் ஒரே சொல்லில் தம் முழக்கத்தை முடித்திருப்பார். 1975இல் வாக்குரிமைச் சட்டம் திருத்தப்பட்டு, குறிப்பிட்ட அளவில் மொழிச் சிறுபான்மையினர் வாழும் இடங்களில் வாக்குச்சீட்டும் தேர்தல் அறிவிப்புகளும் அவர்கள் மொழியிலும் இருக்க வேண்டும் என்றாயிற்று. ஆசிய மொழியினரும் அமெரிக்கப் பூர்வகுடியினரும் அத்திருத்தத்தால் பயன் பெற்றனர்.

இதுவரை பள்ளியையும் தேர்தலையும் பற்றிப் பேசினோம். மருத்துவமனையில் மொழி உயிரோடு தொடர்புடையது. 1980இல் ஃபுளோரிடா மாநிலத்தில் பதினெட்டு வயது இளைஞர் ஒருவர் நினைவிழந்த நிலையில் மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டார். கியூபாவிலிருந்து வந்த குடும்பம். உடன் வந்தவர்கள் அவரை ‘இன்டாக்சிகாடோ’ என்றனர். கியூப ஸ்பானியத்தில் அச்சொல், உண்டதோ குடித்ததோ உடலுக்கு ஒவ்வாமற்போன நிலையைக் குறிக்கும். மருத்துவர்களின் காதில் அது ஆங்கிலத்தில் போதையைக் குறிக்கும் சொல்லாக விழுந்தது. போதைப்பொருளை மிகையாக உட்கொண்டார் என்று முடிவு செய்து அதற்கே சிகிச்சை அளித்தனர். உண்மையில் அவருக்கு மூளையில் குருதி கசிந்துகொண்டிருந்தது. அது கண்டறியப்பட இரண்டு நாள்களுக்கு மேலாயிற்று. அவர் கைகால்களின் இயக்கத்தை வாழ்நாள் முழுவதும் இழந்தார். பின்னர் ஏற்பட்ட இழப்பீட்டு உடன்பாடு, அவர் ஆயுள்காலத்திற்கும் சேர்த்து ஏறத்தாழ 71 மில்லியன் டாலர் என்று கணக்கிடப்பட்டது.

இந்நிகழ்ச்சியில் எவரும் எவரையும் வெறுக்கவில்லை. மொழிபெயர்ப்பாளரை ஒருவரும் அழைக்கவில்லை. ஏனெனில் இரு தரப்பாரும் தாம் புரிந்துகொண்டதாகவே எண்ணினர். அறவே விளங்காத சொல் நம்மை எச்சரிக்கும். விளங்கியதுபோல் தோன்றும் சொல் எச்சரிப்பதில்லை. ஒலியில் ஒன்றாகிப் பொருளில் வேறாகும் சொற்களை மாணவர்களுக்கு நாம் இலக்கணப் பயிற்சியாகக் கற்பிக்கிறோம். அவ்வகுப்பில் இந்தச் செய்தியையும் சொல்லலாம்.

மருத்துவமனையிலும் அரசு அலுவலகத்திலும் பெற்றோருக்காக மொழிபெயர்த்தது பெரும்பாலும் பிள்ளைகள். பத்து வயதுச் சிறுமி தன் தாயின் நோயைத் தாய்க்கே எடுத்துச் சொல்ல வேண்டிய நிலை. இதை மாற்றுவதற்காகவே தொழில்முறை மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என அமைப்புகள் வலியுறுத்தி வந்தன. அதே தெருவில் வாழும் பெண்களுக்குப் பயிற்சியளித்து ‘ப்ரோமோத்தோரா’ என்னும் நலவாழ்வுத் தொண்டூழியராக்கி வீடுகளுக்கு அனுப்பின. வெள்ளைச் சட்டை அணிந்த அந்நியரிடம் சொல்லத் தயங்குவதை, அடுப்படியில் அமர்ந்து பேசும் அண்டைவீட்டுப் பெண்ணிடம் தாய்மார் சொல்லிவிடுவர். ஆங்கிலம் குறைவாக அறிந்தோருக்கும் கூட்டரசின் சேவைகள் எட்ட வேண்டும் என்று 2000ஆம் ஆண்டு அதிபர் ஆணை ஒன்று பிறந்தது. 2025 மார்ச்சில் ஆங்கிலத்தை அதிகாரத்துவ மொழியாக அறிவித்த புதிய ஆணை அதனை நீக்கிவிட்டது. ஆணையால் வந்தது ஆணையால் போகும். சட்டமன்றத்திலும் நீதிமன்றத்திலும் வேரூன்றியவற்றைப் பிடுங்குவது அத்துணை எளிதன்று. அமைப்புகள் ஏன் அவ்விரு மன்றங்களையும் நாடின என்பது இப்போது விளங்கும்.

இளையோரைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். பள்ளியில் ஸ்பானியத்திற்காகத் தண்டனை பெற்ற பெற்றோர் பலர் தம் பிள்ளைகளுக்கு அத்துன்பம் வேண்டாமென வீட்டிலும் ஆங்கிலமே பேசினர். அவர்களின் வழிவந்தோர் இன்று ஸ்பானியம் அறியாமல் வளர்ந்துள்ளனர். பியூ ஆய்வு மையம் 2023இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஸ்பானியம் சரிவரப் பேச இயலாத ஹிஸ்பானியர்களில் 54 விழுக்காட்டினர், பிற ஹிஸ்பானியர்கள் அதற்காகத் தம்மைக் கூச வைத்ததாகக் கூறினர். பாட்டன் பேசியதற்காக அடி வாங்கினார். பேரன் பேசாததற்காக ஏளனம் பெறுகிறான். மொழியை வளர்க்க விரும்பும் எவரும், எங்கிருந்தாலும், தடுமாறிப் பேசும் இளையோரை நகைப்பதற்கு முன் அந்தப் பாட்டனின் கதையை விசாரித்தறிய வேண்டும்.

இறுதியாக, ஹிஸ்பானியர் அமைப்புகளே தங்களைத் திருத்திக்கொண்ட ஓரிடத்தைக் காட்ட விரும்புகிறோம். கலிபோர்னியாவின் தோட்டங்களில் திராட்சைப்பழமும் செம்புற்றுப்பழமும் பறிக்கும் தொழிலாளர்களுள் பலர் தென்மெக்சிகோவின் ஒஹாகா மாநிலத்தவர். அவர்கள் வீட்டில் பேசுவது மிக்ஸ்டெக், சபோடெக் முதலிய தொன்மொழிகள். ஸ்பானிய மாலுமிகள் அக்கரையை அடையுமுன்னரே அங்கு வழங்கிய மொழிகள். கணக்கெடுப்பில் அவர்களும் ஹிஸ்பானியர். ஆகவே ஸ்பானியத்தில் அச்சிட்ட துண்டறிக்கை கொடுத்தவர்கள் தம் கடமை முடிந்தது என்று எண்ணினர். மார்ஃபாவில் ஆங்கிலத்தின் முன் ஸ்பானியம் நின்ற இடத்தில், இங்கே ஸ்பானியத்தின் முன் மிக்ஸ்டெக் நின்றது. சிலர் ஸ்பானியம் விளங்காததைச் சொல்ல நாணி, எல்லாவற்றிற்கும் தலையசைத்தனர்.

இதை உள்ளிருந்தே அறிந்தவர் ஹியூகோ மொராலெஸ். மிக்ஸ்டெக் குடியில் பிறந்து, கலிபோர்னியத் தோட்டங்களில் உழைத்து வளர்ந்து, ஹார்வர்டில் சட்டம் பயின்றவர். வழக்கறிஞராகப் பொருளீட்டியிருக்கலாம். அவர் பிரெஸ்னோ நகரில் 1980ஆம் ஆண்டு ஜூலை 4ஆம் நாள் ‘ரேடியோ பிலிங்குவே’ என்னும் வானொலி நிலையத்தைத் தொடங்கி வைத்தார். கையில் வேலை இருக்கும்போதும் காது ஓய்வாக இருக்கும் மக்களை வானொலியால் எட்ட முடியும் என்பதைத் தோட்டத்தில் வேலை செய்தவர் அறிவார். ஊதியச் சட்டம், பூச்சிமருந்தின் தீமை, பள்ளிச் சேர்க்கை ஆகியவை இசைக்கு நடுவே ஒலித்தன. பின்னாளில் மிக்ஸ்டெக் மொழிக்கென்றே ஒரு நிகழ்ச்சி பிறந்தது. ஆக்ஸ்நார்டு நகரில் மிக்ஸ்டெக் மக்களுக்காகப் பணியாற்றும் அமைப்பும் தனி வானொலி நடத்துகிறது. அம்மொழிகளை எழுத்தில் படித்துப் பழகியோர் மிகச் சிலரே ஆதலால் துண்டறிக்கையை விடக் குரலே அங்கு பயன்படுகிறது.

நீதிமன்றங்களில் இதற்கென ஒரு வரிசை முறை உருவாகியுள்ளது. நீதிபதி ஆங்கிலத்தில் கேட்கிறார். ஒருவர் அதை ஸ்பானியத்தில் சொல்கிறார். அவர் அருகே அமர்ந்திருக்கும் மற்றொருவர் ஸ்பானியத்திலிருந்து மிக்ஸ்டெக்கில் சொல்கிறார். விடை அதே வழியில் திரும்பி வருகிறது. மிக்ஸ்டெக் ஊருக்கு ஊர் மாறுபடுவதால் வந்திருப்பவர் எந்த ஊரினர் என்பதை முதலில் கேட்டறிய வேண்டும். நேரம் ஆகிறது, நீதிபதிகள் சிலர் பொறுமையிழப்பதும் உண்டு. ஆயினும் பிரெஸ்னோவிலும் ஆக்ஸ்நார்டிலும் இம்மூன்றாம் நாற்காலிக்கு இளையோரைப் பயிற்றும் பணி நடந்துகொண்டிருக்கிறது. அவர்களுள் பலர் தோட்டத் தொழிலாளர்களின் பிள்ளைகள். பள்ளியில் ஆங்கிலமும், தெருவில் ஸ்பானியமும், வீட்டில் பாட்டியிடம் மிக்ஸ்டெக்கும் கற்றவர்கள்.